எச்சில் தொட்டிக்கு மேலே ஒரு முகம்

இன்று காலை கேண்டீன் கதவுக்கு யாரோ பெயிண்ட் அடித்தார்கள். தின்னர் வாசனை வந்ததும், சோறு வடித்துக்கொண்டிருந்த நான் திரும்பிப் பார்த்தேன். நீ இல்லை. நீ போய் ஏழு மாதம் ஆகிறது.

கும்மிடிப்பூண்டியில் எங்கள் கம்பெனிக்குத் தரையில் மஞ்சள் கோடு போட வந்த பெயிண்டர் நீ. எச்சில் தொட்டிக்கு மேலே 'உணவை வீணாக்காதீர்' என்று எழுதச் சொன்னார் மேனேஜர். நீ எழுத்தோடு நிற்காமல், பானை வயிறும் ஊசித் தொண்டையுமாக ஒரு பசிப்பேயை வரைந்து வைத்தாய்.

"சோத்த வீணாக்குனவன் செத்தா இப்டித்தான் அலைஞ்சிக்கினு இருப்பான்னு எங்க விகாரைல சொல்லுவாங்க" என்றாய். பொன்னேரிப் பக்கம் உங்கள் தெருவே புத்த வழிக்கு மாறியிருந்தது.

எனக்கு அந்த முகத்தின் மேல்தான் கண். அகன்ற மூக்கு, ஏறிய நெற்றி, அச்சு அசல் நான். ஒருமுறை சோறு பற்றாமல் ஷிஃப்ட் ஆட்கள் தட்டைத் தட்டிக் கலாட்டா செய்ததிலிருந்து நான் எப்போதும் கூடுதலாகவே வடிப்பவன். மிச்சமெல்லாம் தொட்டிக்குத்தான் போகும். அதைத்தான் குத்திக் காட்டுகிறாய் என்று நினைத்தேன்.

"இன்னாடா, என் மூஞ்சா அது?"

"உனுக்கு அப்டித் தெரியுதா?" என்று சிரித்தாய். அந்தச் சிரிப்பை நான் நம்பவில்லை.

ஒரு ஞாயிற்றுக்கிழமை, ஆளில்லாத நேரம் பார்த்து, தோசைத் திருப்பியால் அந்த முகத்தைச் சுரண்டி எடுத்தேன். மறுநாள் நீ பார்த்தாய். யாரையும் கேட்கவில்லை. தட்டை வாங்கும்போது பெயிண்ட் துகளைத் தேடி என் நகங்களை உற்றுப் பார்த்தாய் என்று இன்றும் சந்தேகம். அதற்குப் பிறகு "கம்மியா போடு" என்பதைத் தவிர என்னிடம் நீ எதுவும் பேசவில்லை. மூன்றே வாரத்தில் நெஞ்சு வலி வந்து போய்விட்டாய்.

ஏழாம் நாள் உன் வீட்டில் பிக்குவுக்கும் தெருவுக்கும் சோறு போட்டார்கள். இறந்தவர் பேரைச் சொல்லிப் பிறருக்குப் போடுவதுதான் இறந்தவரின் பசிக்குப் போய்ச் சேருமாம். பரிமாறிக்கொண்டே உன் மனைவி சொன்னார்: "ஊட்ல கண்ணாடி வச்சிக்கினு தன் மூஞ்சியப் பாத்துத்தான் வரஞ்சாருண்ணே. முன்னெல்லாம் குடிச்சிட்டு வந்து சோத்துத் தட்ட எட்டி உதைப்பாரு. அந்த உறுத்தல்தான்."

யோசித்தால், உனக்கும் அகன்ற மூக்கு, ஏறிய நெற்றிதான். ஆனாலும், சுரண்டியது நான்தான் என்று தெரிந்து, என்னைத் தேற்றத்தான் அப்படிச் சொன்னாரோ? என் புத்தி அதையும் நம்ப மறுக்கிறது. ஆனால் அவர் சொன்னது உண்மை என்றால் நான் செய்தது பெரிய பாவம். மன்னித்துவிடு.

இப்போதெல்லாம் அளந்துதான் வடிக்கிறேன். தினமும் உன் பேரைச் சொல்லி, கேட்டுக்கு வெளியே காத்திருக்கும் லாரி டிரைவர் ஒருவருக்குப் போட்டுவிட்டுத்தான் சாப்பிட உட்காருகிறேன். அந்த முகம் உன்னுடையது என்றால் அது உனக்குப் போய்ச் சேரட்டும். என்னுடையது என்றால், நாளைக்கு நான் செத்தால் என் பேரைச் சொல்லிப் போட யார் இருக்கிறார்கள்? நீ இருந்திருந்தால் போட்டிருப்பாய். அதில் மட்டும் எனக்குச் சந்தேகம் இல்லை.