கரி வைத்த மூலை

மீகஸ்கந்தை கடைவீதி,
ஓப்பநாயக்க வழி.
12-5-1932

அன்பு மருமகள் இராஜத்துக்கு மாமா சண்முகநாதன் ஆசீர்வாதம் சொல்லி எழுதிக்கொண்டது. இங்கே நானும் கடையும் எலி பிடிக்காத பூனையும் சுகம். புளத்கொகுபிட்டியவில் நீயும் உன் பள்ளிக்கூடப் பிள்ளைகளும் சுகமா என்பதை நானே ஊகித்துக்கொள்ள வேண்டியிருக்கிறது. மூன்று மாதமாய் ஒரு வரி இல்லை. டீச்சரம்மா ஆனதும் எழுத்து மறந்துவிட்டதோ?

போகட்டும். இனி வருவதைக் கதவைச் சாத்திவிட்டுப் படி. உன் மாமா இப்போது சர்க்கார் ஆள். இன்ஸ்பெக்டர் துரை மோட்டார் காரில் வந்து நம் கடை வாசலில் இறங்கினார். கையில் வெள்ளிப் பிரம்பு, கூட நாலு போலீஸ், காருக்குப் பின்னால் ஒரு குதிரை. கவர்னரே என் பேரைச் சொல்லி அனுப்பியதாகச் சொன்னார். இங்கிலீசில்தான் சொன்னார், எனக்கு விளங்கியது.

விஷயம் இதுதான். வெள்ளைப்பாறைத் தோட்டத்து ஆட்களுக்கு வருகிற கடுதாசி, அவர்கள் போடுகிற கடுதாசி எல்லாவற்றையும் சர்க்கார் இரகசியமாய்ப் பார்க்க வேண்டுமாம். கொழும்பில் தொழிலாளர் சங்கம் என்று ஒன்று கிளம்பியிருக்கிறதே, அதன் கை இங்கே நீளுகிறதா என்று அறிய. தபால் கந்தோர் மாத்தயா சிங்களவர், தமிழ் தெரியாது. நம் சனத்தின் கிறுக்கலை வாசிக்க இந்த ஜில்லாவில் என்னை விட்டால் யார்? பத்து வருஷமாய் அவர்களுக்கு எழுதிக் கொடுப்பதும் வாசித்துக் காட்டுவதும் நான்தானே.

பகல் இரண்டு மணிக்குக் கந்தோர்ப் பின்னறைக்குப் போவேன். ஒரு கேத்தல், ஒரு ஈர்க்கு, சிரட்டையில் கஞ்சிப் பசை. ஆவியில் காட்டினால் உறை தானாக வாயைத் திறக்கும். திறக்கும்போது சின்னதாய் ஒரு சத்தம் வரும், தூங்குகிற பிள்ளை மூச்சு விடுகிற மாதிரி. முதல் நாள் என் கை மயிர் எல்லாம் எழுந்து நின்றது. இப்போது பழகிவிட்டது.

இன்ஸ்பெக்டர் ஒரு கடுதாசியைத் தூக்கிப் பிடித்து, மூலையில் இது என்ன கறுப்பு என்று கேட்டார். படிக்கத் தெரியாத சனம் மூலையைப் பார்த்துத்தான் சேதி அறியும், மஞ்சள் என்றால் கல்யாணம், கரி என்றால் சாவு என்று உனக்கும் எனக்கும் தெரியும். துரைக்கு எங்கே தெரியும்? "அடுப்படியில வச்சு எழுதியிருப்பாங்க தொரை" என்று சொல்லிவிட்டேன். நம் வீட்டு விஷயம் நமக்குள் இருக்கட்டுமே.

யாரிடமும் வாய் திறப்பதில்லை என்று முருகன் வேலைத் தொட்டுச் சத்தியம் செய்திருக்கிறேன். நீயும் மூச்சு விடாதே. இதைக் கடுதாசியில் எழுதலாமா என்று பயப்படாதே. திறக்கிற ஆளே நான், என் கடுதாசியை எவன் திறப்பான்?

உன் மாமா,
சண்முகநாதன்,
சர்க்கார் உத்தியோகம்.


புளத்கொகுபிட்டிய,
23-5-1932

அன்புள்ள மாமாவுக்கு இராஜம் வணங்கி எழுதுவது.

எழுதாமல் இருந்தது என் தப்புதான். பரீட்சை முடிய, பிள்ளைகளுக்கு அம்மை வந்துவிட்டது. கோபிக்க வேண்டாம். மழையில் தலை துவட்டாமல் கடையில் உட்காராதீர்கள்.

கதவைச் சாத்திவிட்டுத்தான் படித்தேன். உறைக்குள் ஒரு ஈர்க்குத் துண்டு கிடந்தது. ஒட்டிய இடத்தில் புளித்த கஞ்சி வாடை. நீங்கள் எப்போதும் விளாம்பிசின்தானே போடுவீர்கள்?

மாமா, தோட்டத்து மருதாயி அக்கா கொழும்பிலிருக்கிற புருஷனுக்குச் சொல்ல வெட்கப்படுவதைக்கூட உங்கள் காதில் சொல்லித்தான் எழுதிக்கொள்கிறாள். அவளுக்கு இது தெரியுமா? எனக்குச் சரியாகப் படவில்லை. விட்டுவிடுங்கள்.

இராஜம்.


மீகஸ்கந்தை,
4-6-1932

இராஜம்,

ஈர்க்கு என் கையிலிருந்து விழுந்திருக்கும். கஞ்சி வாடை அடிக்கிறவன் எல்லாம் உளவாளி என்றால் இந்த நாட்டில் எல்லாரும் உளவாளிதான். மாமாவுக்கே புத்தி சொல்லுகிற அளவுக்கு வளர்ந்துவிட்டாய், நல்லது, சந்தோஷம்.

வேலையில் எனக்கு ஒரே குறை, கடுதாசிகளில் ஒன்றுமே இல்லை. ஆடு குட்டி போட்டது, பல் வலிக்கிறது, சேலை அனுப்பு. இதை அப்படியே எழுதிக் கொடுத்தால் கவர்னர் என்னைப் பற்றி என்ன நினைப்பார்? அதனால் கொஞ்சம் உப்பு புளி சேர்க்கிறேன். மருதாயி புருஷன் காத்தமுத்து எழுதியிருந்தான்: பதினொன்றாம் தேதி சனிக்கிழமை சங்கத்து ஆள் இரண்டு பேரோடு வருகிறேன், சனத்தைக் கோயிலடிக்கு வரச் சொல்லு என்று. இரண்டு பேர்! பார்க்கவே பரிதாபமாக இருந்தது. இருபது என்று போட்டேன். ஆளுக்கொரு இரும்புக் கம்பியும் கொடுத்தேன். இன்ஸ்பெக்டர் அதைப் படித்தவர் எழுந்து நின்று என் கையைக் குலுக்கினார். ஒரு குடை பரிசு கொடுத்தார். லண்டனில் செய்தது. மழையில் நனைந்துவிடும் என்று இன்னும் விரிக்கவில்லை.

மாமா.


மீகஸ்கந்தை,
19-6-1932
(லாபிர் கையில்)

இராஜம்,

இதைத் தபாலில் போடவில்லை. லொறிக்கார லாபிர் உங்கள் பக்கம் ரப்பர் ஏற்ற வருகிறான், அவன் மடியில் கட்டி அனுப்புகிறேன்.

காத்தமுத்து சொன்னபடி வந்தான். கூட இரண்டு பேர்தான். ஒருவன் கையில் பழைய பை, மற்றவன் கையில் பிள்ளைகளுக்குக் கடலை மிட்டாய்ப் பொட்டலம். போலீஸ் பதினேழு பேர். இது நான் கூட்டிச் சொல்வதில்லை, எண்ணினேன். மற்றப் பதினெட்டுப் பேர் எங்கே, கம்பி எங்கே என்று கேட்டுக் கேட்டு அடித்தார்கள். நான் பெற்றுப் போட்ட பதினெட்டுப் பேரை அவன் எங்கே போய்த் தேடுவான்? அவனைத் தலைமன்னாரில் கப்பலேற்றி இந்தியாவுக்கே, ஊருக்கு அனுப்பிவிட்டார்களாம்.

மறுநாள் மருதாயி தோட்டத்து லயத்து வீட்டிலிருந்து கடைக்கு வந்தாள். "அண்ணே, அவருக்கு ஒரு கடுதாசி எழுதுங்க." எழுதினேன். அவள் சொன்னது இது: "நாம பேசிக்கிட்டது நம்ம ரெண்டு பேருக்குந்தானே தெரியும்? லயத்துச் சொவத்துக்குள்ள யாரோ நின்னு கேக்குறாப்பல இருக்குங்க. அடுப்பு ஊதயிலயும் கேக்குறான், புள்ளைய அமத்தயிலயும் கேக்குறான். அவன் மூச்சு எனக்குக் கேக்குது."

அடுத்த நாள் இரண்டு மணிக்கு அதே கடுதாசி என் மேசைக்கு வந்தது. ஆவியில் காட்டினேன். மூச்சு விட்டது. உள்ளே என் கையெழுத்து. எழுதும்போது உறைக்காதது வாசிக்கும்போது உறைத்தது. சுவருக்குள் நிற்கிறவன் நான்தான், இராஜம்.

சொல்லிவிடலாம் என்று வாய் வரை வருகிறது. சத்தியம் தடுக்கிறது. சர்க்கார் இரகசியத்தை வெளியே விட்டால் ராஜத்துரோகம், பத்து வருஷம் மறியலில் அடைப்பார்கள் என்று இன்ஸ்பெக்டர் முதல் நாளே சொன்னார். சம்பளமும் வாங்கியாயிற்று. நான் என்ன செய்ய?

மாமா.


புளத்கொகுபிட்டிய,
22-6-1932
(லாபிர் நானா கையில்)

மாமா,

ஒன்றை யோசித்தீர்களா? இருபது பேர் என்பது நீங்கள் கூட்டியது என்று நாலாம் தேதிக் கடிதத்திலேயே எழுதியிருந்தீர்கள். அந்த உறையிலும் கஞ்சி வாடை இருந்தது. யாரோ படித்துவிட்டுத்தான் எனக்கு அனுப்பியிருக்கிறார்கள். இரண்டு பேர்தான் என்று தெரிந்துகொண்டே அடித்திருக்கிறார்கள்.

பத்து வருஷமாய் அந்தச் சனத்தின் இரகசியத்தைக் காத்தீர்களே, அதற்கு யார் சத்தியம் வாங்கினார்கள்? துரோகம் நடந்தது என்றால் அது முதல் கேத்தல் கொதித்த அன்றே நடந்துவிட்டது. இனிச் சொல்வது துரோகமாகாது.

அம்மா போன பிறகு எனக்கு நீங்கள் மட்டும்தான். உங்களை மறியலுக்கு அனுப்பவா சொல்கிறேன் என்று அடுத்த வரியை இரண்டு தடவை அடித்து எழுதினேன். ஆனாலும் சொல்லுங்கள் மாமா. எந்த வழியிலாவது. எதையும் கூட்டாமல்.

இராஜம்.


மீகஸ்கந்தை,
16-7-1932
(லாபிர் கையில்)

இராஜம்,

சொல்லிவிட்டேன். வாயால் இல்லை. சத்தியம் வாய்க்குத்தானே.

திறந்து ஒட்டிய ஒவ்வொரு கடுதாசிக்கும், கேத்தல் அடியில் விரலைத் தேய்த்து மூலையில் கரி வைத்தேன். அன்று தோட்டத்துக்குப் போகிற பையில் முப்பத்தொன்று. இன்ஸ்பெக்டர் கண் முன்னாலேயே பையில் போட்டேன். அடுப்படி என்று சிரித்தார். நானும் சிரித்தேன்.

போன வாரம் வியாழக்கிழமை, சாயந்திரம் ஆள் எண்ணுகிற பெரட்டு கலைந்து சனம் லயத்துக்குத் திரும்புகிற நேரம் தோட்டத்துத் தபால்காரன் பையைப் பிரித்திருக்கிறான். நான் கடை வாசலில் நின்றேன். மலையை மூடி மிஸ்ட்டு, வெள்ளை மூடுபனி. ஒன்றும் தெரியவில்லை. முதலில் ஒரு பெண் குரல் எழுந்தது. பிறகு கீழ் லயத்தில் ஒன்று. பிறகு மேல் லயத்தில். பிறகு எங்கிருந்து என்று சொல்ல முடியவில்லை, வெள்ளைப் புகைக்குள் மலையே மார்பில் அடித்துக்கொண்டு அழுதது. முப்பத்தொரு சாவு ஒரே நேரத்தில். உயிரோடு உட்கார்ந்து எங்கோ சோறு தின்றுகொண்டிருக்கிற முப்பத்தொரு பேருக்கு. நாய்கள் ஒன்றுகூடக் குரைக்கவில்லை.

கடுதாசியைத் தலைக்கு மேல் பிடித்துக்கொண்டு இறங்கி வந்தார்கள். "யாருன்னு பாருங்கண்ணே, யாருன்னு பாருங்க." ஒவ்வொன்றாய் வாசித்தேன். ஆடு குட்டி போட்டது. பல் வலிக்கிறது. யாரும் சாகவில்லை. அழுகை நின்று, ஒருவர் முகத்தை ஒருவர் பார்த்தார்கள். மருதாயிக்குக் காத்தமுத்து ஊரிலிருந்து போட்டது வந்திருந்தது. அவள் அதை நீட்டவே இல்லை. என் விரலைப் பார்த்தாள். நகக்கண்ணில் கரி.

"செத்தது ஆளு இல்ல. கடுதாசிதான் செத்துருச்சு. இல்லியாண்ணே?"

தலையை மட்டும் ஆட்டினேன்.

அன்றிலிருந்து தோட்டத்திலிருந்து ஒரு கடுதாசி வருவதில்லை. பை வெறுமையாக வருகிறது. பாதிச் சனம் என்னைக் கும்பிடுகிறது. மீதிச் சனம் கடை வாசலில் துப்பிவிட்டுப் போகிறது. அழகம்மாவின் மகன் எம்பிலிப்பிட்டியவில் இருக்கிறான், தெரியுமே. கரியைக் கண்டதும் அவள் படியில் உட்கார்ந்தாளாம். அவள் கடுதாசியை வேறு ஆட்கள்தான் என்னிடம் கொண்டு வந்தார்கள், உட்கார்ந்தவள் எழுந்திருக்கவே இல்லை என்றார்கள். உள்ளே, "அம்மா, எனக்குப் பொண்ணு பாத்திருக்கு" என்று இருந்தது. முப்பத்தொன்றில் ஒன்றை நான் மெய்யாக்கிவிட்டேன். அவள் சாவை மகனுக்கு எழுதினேன். மூலையில் கரி வைக்க விரல் எழவில்லை.

இதில் நான் செய்தது நல்லதா, துரோகமா? நீ படித்தவள், சொல்லு.

திங்கட்கிழமை இன்ஸ்பெக்டர் வரச் சொல்லியிருக்கிறார். பதக்கம் குத்தத்தான் என்று கடைவீதியில் சொல்லி வைத்திருக்கிறேன். தங்கப் பதக்கம். சட்டை கிழியும் அளவுக்குப் பாரமாம்.

மாமா.


புளத்கொகுபிட்டிய,
14-8-1932

அன்புள்ள மாமாவுக்கு,

லாபிர் நானா இரண்டு தடவை வந்து பார்த்தாராம். கடைப் பலகை பூட்டியிருக்கிறது, பூனை வாசலில் கிடக்கிறது என்கிறார். கந்தோரில் கேட்டால் சர்க்கார் வேலையாய் வெளியூர் என்கிறார்களாம். வேறு வழியில்லாமல் தபாலில் போடுகிறேன்.

நீங்கள் கேட்டதற்குப் பதில். அழகம்மா ஆச்சியை நினைத்து நீங்கள் அழத்தான் வேண்டும். அந்தப் பாவத்தில் எனக்கும் பங்கு உண்டு, நானும் அழுதேன். ஆனாலும் நீங்கள் செய்தது துரோகமில்லை மாமா.

எனக்கு ஒரு பொய் எழுதுங்கள். வழியில் சிறுத்தை வந்து உங்களுக்குச் சலாம் போட்டது என்றாவது எழுதுங்கள். ஒரே ஒரு பொய் வந்தால் போதும், நீங்கள் சுகம் என்று தெரிந்துகொள்வேன்.

இராஜம்.


29-8-1932

அன்பு மருமகள் இராஜத்துக்கு,

நான் சுகமாக இருக்கிறேன். அரசாங்க வேலையாக வெளியூரில் இருக்கிறேன். வழியில் சிறுத்தை ஒன்று எனக்குச் சலாம் போட்டது. கவலைப்பட வேண்டாம். இனிக் கடிதம் எழுத வேண்டாம்.

மாமா,
சண்முகநாதன்.


புளத்கொகுபிட்டிய,
3-9-1932

இதை முதலில் வாசிக்கிறவருக்கு,

உங்கள் பெயர் தெரியாது. எங்கள் வீட்டுச் சேதி எல்லாம் உங்களுக்குத் தெரியும் என்பதால் உரிமையோடு எழுதுகிறேன்.

கையெழுத்து மாமாவுடையது போலவே இருந்தது. நன்றாகப் பழகியிருக்கிறீர்கள். ஆனால் என் மாமா அடுத்தவர் கொடுத்த பொய்யை எடுத்துச் சொல்கிறவர் இல்லை. அவர் எழுதியிருந்தால் அந்தச் சிறுத்தை குட்டிகளோடு வந்திருக்கும். இங்கிலீசில் பேசியிருக்கும். கவர்னரை விசாரித்திருக்கும். ஒட்டிய இடத்தில் அதே புளித்த கஞ்சி வாடை.

உறையின் மூலையில் மஞ்சள் தடவியிருந்தீர்கள். மஞ்சள் எதற்கு என்று தெரிந்த நீங்கள் நம் ஆள்தான். இந்தப் பிள்ளை மனம் தேறட்டும் என்று இரக்கப்பட்டுத்தான் தடவியிருப்பீர்கள்.

உங்களிடமும் சத்தியம் வாங்கியிருப்பார்கள். நீங்கள் வாய் திறக்க வேண்டாம். ஒரு எழுத்துக்கூட எழுத வேண்டாம். இந்தக் கடிதத்தையே மறுபடி ஒட்டி எனக்குத் திருப்பி அனுப்புங்கள். மாமா உயிரோடு இருந்தால் மஞ்சள். இல்லையென்றால், உங்கள் கேத்தல் அடியிலும் கரி இருக்கும்.

நாலு மூலையையும் வெறுமையாக விட்டிருக்கிறேன்.

இராஜம்.