பைலட் சாகிற இடம்

நைனா,

இன்று சாயங்காலம் வீடியோ டெக் சூடாகிற வாசனை மறுபடியும் நம் வீட்டில் வந்தது. நீ பனியன் துணியை ஸ்பிரிட்டில் நனைத்து அதைத் துடைப்பாயே, அந்த வாசனையும் கூடவே. நீதான் என்று திரும்பினேன். மாமா உட்கார்ந்திருந்தார்.

போன மழையில் நீ கம்பத்திலிருந்து விழுந்த பிறகு, இந்த டெக்கிலிருந்து நம் தெருக்களுக்குக் கேபிளில் படம் விடுகிற வேலையை அம்மாவின் தம்பியான அவர்தான் பார்க்கிறார். நீ அடிக்கடி போடுகிற நம் இங்கிலீஷ் விண்கலப் படத்தைப் புதிதாக எடுத்திருக்கிறார்களாம். அந்தக் கேசட்டை யாரிடமோ ஒரு நாளைக்கு வாங்கி வந்திருந்தார்.

அதே பெயர், அதே கேப்டன், அதே ரோபோ. எனக்கு முதலிலேயே சந்தேகம். கலம் பளபளவென்று இருந்தது. நம் பழைய கலம், மணலியில் எண்ணெய் ஏற்றி வரும் எண்ணூர் ரோட்டு டேங்கர் லாரி மாதிரி புகை கக்கும், ஒழுகும். அதனால்தான் ஊர் போய்ச் சேருமா என்று பயமாக இருக்கும். தமிழில் டப்பிங் செய்த இந்த ரோபோ, "தலைவரே, ஆபத்து நம்மை நெருங்குகிறது" என்கிறது.

நீ பேச வைத்த ரோபோ அப்படியா பேசும்? இங்கிலீஷ் சத்தத்தைக் குறைத்துவிட்டு, மைக்கைப் பிடித்து எல்லாருக்கும் நீயே பேசுவாய். "தலீவா, இஞ்சின் பேஜார் பண்ணுது. ஆயில் இல்ல. மணலிக்கு ஆள் அனுப்பு." கேபிளில் அதைக் கேட்டு எதிர்வீட்டில் சிரிப்பது நமக்குக் கேட்கும். ஒவ்வொரு தடவையும் வேறு வேறாகப் பேசுவாய். ஒரு நாள் பேசியதை மட்டும் நம் பழைய படக் கேசட்டிலேயே பதிந்து வைத்தாய்.

ஆனால் பைலட் சாகிற இடத்தை நீ மாற்றியதே இல்லை. மற்றவர்களைச் சின்னக் கலத்தில் ஏற்றி அனுப்பிவிட்டு அவன் மட்டும் நின்றுவிடுவான். "அவன காப்பாத்தி வுடு நைனா" என்று கெஞ்சினேன். மைக்கைக் கையால் மூடிக்கொண்டு சொன்னாய்: "அவன் பொழச்சிக்கினா, இவங்க வூடு வந்து சேந்ததுக்கு இன்னா மரியாத கீது கண்ணு?"

புதுப் படத்தில் அவன் சாகவில்லை. கடைசியில் சிரித்துக்கொண்டே கதவைத் திறந்து வருகிறான். எனக்கு ஆத்திரமாக வந்தது. நானும் நம் வாசற்கதவைப் பார்த்துக்கொண்டு இருந்தவள்தான். அப்படி யாரும் வருவதில்லை.

மாமாவுக்குப் படம் பிடித்துவிட்டது. "சோக்கா கீது க்கா. காலைல மச்சானோட பழைய கேசட்டுல இத ஏத்திடறேன். அதே படந்தானே?"

அம்மா மீன் அலச எழுந்து போய்விட்டாள். நீ போனதிலிருந்து அவள் அந்தக் கேசட்டைப் போட விடுவதில்லை.

"அதுல நைனா கொரல் கீது மாமா" என்றேன்.

"அதான் பேஜாரே. தெருவுல கீறவன்லாம் உங்க மச்சான் மாரி பேசுன்றான். நான் இன்னா மிமிக்ரியா பண்றேன்?"

சிரித்தார். அந்தச் சிரிப்பை நான் நம்பவில்லை. கேசட் போய்விட்டால் யாரும் உன்னைக் கேட்கமாட்டார்கள் என்று நினைக்கிறார்.

இப்போது எல்லாரும் தூங்குகிறார்கள். மாமாவின் குறட்டை நிற்கும்போதெல்லாம் பேனாவும் நின்றுவிடுகிறது. உன் கேசட்டின் முதுகில் இருக்கும் பிளாஸ்டிக் பல்லை உடைத்துவிட்டேன். பல் இல்லாவிட்டால் அதில் எதுவும் பதியாது. ஆனால் அந்த ஓட்டையில் செல்லோ டேப் ஒட்டினால் பதியும் என்று மாமாவுக்கும் தெரியும். அதனால் கேசட்டைத் தாவணியில் சுற்றி, ஸ்கூல் பையில் புத்தகங்களுக்கு அடியில் வைத்திருக்கிறேன்.

காலையில் தேடுவார். அடிப்பாரோ என்னவோ. கேட்டால் உன் ரோபோ மாதிரிச் சொல்லிவிடுவேன் நைனா: "தலீவா, மணலிக்கு ஆள் அனுப்பு." அம்மாவுக்கு அது யார் குரல் என்று தெரியும்.