ஜெப நோட்டில் ஒரு வரி

மார்ச் 3, செவ்வாய்

நல்ல வெயில். போர்வை இரண்டும் காய்ந்துவிட்டன. ஜெப நோட்டில் புதுப் பக்கங்களுக்குக் கோடு போட்டேன். தேதி, பெயர், விண்ணப்பம், பதில் என்று நாலு கட்டம். பதில் கிடைத்தால் சிவப்பு மை. பதினொரு வருஷத்தில் இது ஏழாவது நோட்டு. இவர் எட்டிப் பார்த்து, "மேல போனா ஆண்டவர் உன்கிட்டதான் கணக்கு கேப்பாரு போல" என்றார். கிண்டல் செய்யட்டும். ஐந்தாம் வகுப்போடு நின்றவள் நான். எழுத்துக் கூட்டிப் படிக்கப் பழகியது வேதத்தில், எழுதப் பழகியது இந்த நோட்டில்.

மகளுக்கு நாளை ஸ்கேன். ஐந்தாம் மாதம்.

மார்ச் 4

இன்று எழுத முடியவில்லை.

மார்ச் 5, வியாழன்

குழந்தைக்கு மண்டை ஓடு கூடவில்லையாம்.

நேற்று மருமகன்தான் போனில் சொன்னார். லிஃப்ட் பழுது பார்க்கிறவர், எதையும் பாகம் பாகமாக விளக்குவார். நேற்று அவருக்கே கோர்வையாக வரவில்லை. டாக்டர் இரண்டு வழி சொன்னாராம். மாதம் நிறையும் வரை சுமக்கலாம். உயிரோடு பிறந்தால் சில மணி நேரம், மிஞ்சினால் ஒரு நாள். இல்லையென்றால் இப்போதே வலி வரவழைத்து எடுத்துவிடலாம்.

"எடுத்துடலாம்னு அவ முடிவு பண்ணிட்டா அத்தை. உங்ககிட்ட சொல்லத்தான் பயப்படுறா. வெளிய யாருக்கும் தெரிய வேண்டாம்."

என்னிடம் என்ன பயம்? நான் என்ன செய்தேன்?

செய்திருக்கிறேன். போன வருஷம் போதகர் கருக்கலைப்பைப் பற்றிப் பேசிய ஞாயிறு, மாடி வீட்டுப் பெண் கலைத்ததைச் சொல்லி, "அது கொலைதானே, வேற என்ன பேரு?" என்று கேட்டவள் நான். மகள் பக்கத்தில் பட்டாணி உரித்துக்கொண்டிருந்தாள்.

சாயங்காலம் நோட்டில் எழுதிவிட்டேன்: 'மகள். வயிற்றுக் குழந்தைக்குத் தலை சரியாக உருவாகவில்லை. எடுக்கப் போகிறாள். அற்புதம் வேண்டும்.' நோட்டில் ஏறினால்தான் எனக்கு ஜெபித்த மாதிரி. நோட்டில் இருப்பதை எல்லாம் சபைப் பெண்களின் வெள்ளிக்கிழமை ஜெபக் கூட்டத்தில் உரக்க வாசிப்பது வழக்கம். வாசிக்கிறவள் நான்தானே. அந்த வரியை விட்டுவிட்டால் போகிறது.

மார்ச் 6, வெள்ளி

கண்ணாடியை வீட்டில் மறந்து வைத்துவிட்டுக் கூட்டத்துக்குப் போனேன். நோட்டைத் தூரத்தில் பிடித்துத் தடுமாறுவதைப் பார்த்து, பக்கத்தில் உட்கார்ந்திருந்த தையல்காரம்மா, "குடுங்கக்கா, எனக்கு ஊசியில நூல் கோக்குற கண்ணு" என்று வாங்கிக்கொண்டார். மைக்கே வேண்டாத குரல் அவருக்கு. பிடுங்கினால் எல்லாரும் ஏன் என்று கேட்பார்கள். ஒவ்வொரு வரியாக வந்து, அந்த வரியும் வந்தது. வாசித்து முடித்த பிறகுதான் யாரைப் பற்றி வாசித்தோம் என்று அவருக்கே உறைத்தது.

இருபத்திரண்டு பெண்கள். எல்லாரும் அழுதார்கள், என் தலையில் கை வைத்து ஜெபித்தார்கள். முடிந்ததும் நோட்டை வாங்கி முந்தானைக்குள் வைத்துக்கொண்டேன்.

மார்ச் 8, ஞாயிறு

ஆராதனை முடிந்ததும் தையல்காரம்மாவும் இன்னும் இரண்டு பேரும் மகள் வீட்டுக்கே போயிருக்கிறார்கள். எடுக்காதே, விசுவாசமாக இரு என்று ஒரு மணி நேரம் பேசியிருக்கிறார்கள்.

மூன்று மணிக்கு மகள் போன் செய்தாள்.

"நான் உன் நோட்டுல ஒரு வரியாம்மா?"

"நான் வாசிக்கலடி—"

"எழுதினது யாரு?"

"நான்தான்."

"என் வயித்த ஊருக்கே வாசிச்சுக் காட்டிட்ட. ஆஸ்பத்திரிக்கு நீ வராதம்மா. என்னால உன்னையும் சேத்து சமாளிக்க முடியாது."

அவள் கத்தியிருந்தால் தேவலை. கத்தவில்லை.

மார்ச் 9

அவள் வரியை அடித்தேன். அடித்த பிறகும் படிக்க முடிகிறது. மேலே காகிதம் ஒட்டினேன்.

மார்ச் 11, புதன்

போதகரைப் பார்க்கப் போனேன். வெளியே நாற்காலிகளைத் துடைத்துக்கொண்டிருந்தார்.

"ஐயா, இது பாவமா?"

"உயிரைக் குடுத்தவர்தாம்மா எடுக்கணும். நான் வேற மாதிரி சொல்ல முடியாது."

"பிழைக்காதுன்னு தெரிஞ்சும் இன்னும் நாலு மாசம் சுமக்கணுமா? பாக்குறவங்க எல்லாம் எப்ப டெலிவரின்னு கேப்பாங்க. அவ என்ன பதில் சொல்லுவா?"

துணியைப் பிழிந்து நாற்காலி முதுகில் போட்டார். "எனக்குத் தெரிஞ்சதைச் சொன்னேன். தெரியாததும் இருக்கும்மா" என்றார்.

"நான் அவகூடப் போனா, அதுவும் பாவமா?"

என்னை நிமிர்ந்து பார்த்தார். "பெத்த பொண்ணுகூடப் போறதுக்கு என்னை எதுக்கும்மா கேக்குறீங்க?"

வரும் வழியெல்லாம் யோசித்தேன். பாவமா இல்லையா என்று இன்னும் எனக்குத் தெளியவில்லை. ஆனால் அவள் தனியாகப் படுத்திருப்பாள் என்பது தெளிவாகத் தெரிகிறது.

மார்ச் 12, வியாழன்

காலையிலேயே மகள் வீட்டுக்குப் போனேன். கதவைப் பாதி திறந்து நின்றாள்.

"வேண்டாம்னு சொல்ல வரல. சரின்னு சொல்லவும் எனக்கு வாய் வரலடி. தலை பின்னி விட வந்தேன். ஆஸ்பத்திரியில முடியை விரிச்சுப் போட்டுட்டுப் படுக்க விட மாட்டாங்க."

சிரிக்கவில்லை. ஆனால் கதவு முழுசாகத் திறந்தது.

முன்னால் உட்கார்ந்தாள். சிக்கு எடுக்க அரை மணி ஆனது. எத்தனை நாளாகச் சீப்பே படவில்லையோ. பின்னிக்கொண்டே, "உன்னைக் கேக்காம எழுதினது தப்பு. பட்டாணி உரிச்ச அன்னைக்குப் பேசினதும் தப்பு" என்றேன்.

"அந்த மாடி வீட்டு அக்காவை நினைச்சுக்கிட்டே இருக்கேம்மா" என்றாள். அப்புறம், "இறுக்கிப் பின்னாத, வலிக்குது." அப்புறம், "நாளைக்கு ஏழு மணிக்கு வரச் சொல்லியிருக்காங்க."

எனக்கு அது போதும்.

சாயங்காலம் எங்கள் வீட்டு வாசலில் தையல்காரம்மா. கழுத்தில் அளவு டேப். உள்ளே வரவில்லை.

"அளவு சொல்லுங்க."

"எதுக்கு?"

"நான் இதுக்கு ஒத்துக்கலக்கா. இப்பவும் ஒத்துக்கல. அதுக்காகப் புள்ளைய வெறும் உடம்போட அனுப்புவீங்களா?"

எனக்கு என்ன தெரியும் அளவு? என் உள்ளங்கையை நீட்டினேன். அதையே அளந்து எழுதிக்கொண்டார். பாதிப் படி இறங்கியவர் திரும்பி, "தலைக்குக் குல்லாவும் தைக்கிறேன். நல்லா இறங்கி வர்ற மாதிரி" என்றார். அந்தக் குரலால் அவ்வளவு மெதுவாகவும் பேச முடியும் என்று இன்றுதான் தெரியும்.

மார்ச் 14, சனி

நேற்று சாயங்காலம் நாலரைக்கு. பெண் குழந்தை. மூச்சு இல்லை.

நர்ஸ் துடைத்துக் கொடுத்தார். தையல்காரம்மா ராத்திரியே தைத்துக் கொடுத்த சட்டையை மருமகன் போட்டார். திருகாணி முடுக்கிக் காய்த்துப்போன விரல், ஒரு பட்டன் போட எவ்வளவு நேரம்! குல்லாவை நான் போட்டேன். புருவம் வரை இறங்கியது. தூங்குகிற பிள்ளை மாதிரிதான் இருந்தாள்.

"மூக்கு உன்னோடதும்மா" என்றாள் மகள். "பாவம்."

மூன்று பேரும் சிரித்துவிட்டோம். சிரிப்பிலிருந்து அழுகைக்கு எப்போது போனோம் என்று தெரியாது.

ஜெபிக்கக் கண்ணை மூடினால் விண்ணப்பம் ஒன்றும் வரவில்லை. ஆண்டவரே, இவள் என் பேத்தி, வருகிறாள். அவ்வளவுதான் சொன்னேன்.

மார்ச் 20, வெள்ளி

கூட்டத்துக்குப் போகவில்லை. மகளுக்குப் பால் கட்டிக்கொண்டது. பிள்ளை இல்லை என்று உடம்புக்கு யார் சொல்வது?

மார்ச் 27, வெள்ளி

மகள் இங்கேதான் இருக்கிறாள், இன்னும் ஒரு வாரம். காலையில் நோட்டை எடுத்து ஐந்தாவதாக ஒரு கட்டம் போட்டேன்: 'வாசிக்கலாமா?' இனி ஒவ்வொருவரையும் கேட்டுத்தான் எழுதுவது. இவர் எட்டிப் பார்த்தார், கிண்டல் செய்யவில்லை. அடிக்கோலை நழுவாமல் பிடித்துக்கொண்டார்.

கூட்டத்தில் இரண்டு பேர் என்னோடு பேசவில்லை. பேசாமலிருக்கட்டும். தையல்காரம்மா பக்கத்தில் இடம் போட்டு வைத்திருந்தார். விண்ணப்பம் எழுதச் சொல்லி வந்தவர்களில் ஒன்பது பேர் 'வேண்டாம்' போடச் சொன்னார்கள். ஒன்பது! பதினொரு வருஷமாக இவர்களெல்லாம் என்னிடம் மூட்டு வலியை மட்டும் சொல்லிக்கொண்டிருந்தார்கள்.

வீட்டுக்கு வந்ததும் மகள் நோட்டைக் கேட்டாள். பக்கத்தைத் திருப்பினாள். ஒட்டிய காகிதத்தை விரலால் தடவினாள், பிரிக்கவில்லை.

"எனக்கு ஒண்ணு எழுதும்மா."

பேனாவை எடுத்தேன். "பேரு?"

"என் அம்மா."

"விண்ணப்பம்?"

"ரெண்டு வாரமா சரியா தூங்கல, சாப்பிடல. சரியாகணும்."

எழுதினேன். கோணல் மாணலாக வந்தது. கடைசிக் கட்டத்தில் பேனாவை வைத்துக்கொண்டு அவளைப் பார்த்தேன். "வாசிக்கலாமா?"

"சத்தமா வாசி" என்றாள்.