யாரும் வாங்க வராத சாவிகள்

என்னங்க,

வந்ததும் கடையைத் திறக்க வேண்டாம். போனை வீட்டிலேயே விட்டுவிட்டுப் போனீர்கள், அதனால்தான் எழுதி வைக்கிறேன்.

காலையில் நீங்கள் கிளம்பியதும் போலீஸ்காரர் இருவர் வந்தார்கள். பின் தெரு டீச்சர் வீட்டில் திருட்டு, பூட்டு உடையவில்லையாம். "அந்த வீட்டுக்கு மாத்துச் சாவி போட்டது உங்க வீட்டுக்காரர்தானே? நாலு மணிக்கு வர்றோம், இருக்கச் சொல்லுங்க" என்றார்கள்.

அவர்கள் போனதும் பரண்மேல் இருந்த உங்கள் பிஸ்கட் டப்பாவை இறக்கினேன். சரியாக அமையாத சாவி, யாரும் வாங்க வராத சாவி, எல்லாவற்றிலும் வீட்டு எண் எழுதிச் சீட்டு கட்டி வைத்திருக்கிறீர்களே! டீச்சர் வீட்டுச் சீட்டு இருக்கிறது. சாவி இல்லை.

போன வாரம் உங்கள் தம்பி மூன்று நாள் அந்தப் பரண் இருக்கும் அறையில்தான் படுத்திருந்தார். போன் செய்தேன், எடுக்கவில்லை.

இருபது வருஷமாக அந்த டப்பாவைத் தூக்கிப் போடச் சொல்லிச் சண்டை போட்டவள் சொல்கிறேன், இன்று ஒன்றைக்கூடத் தூக்கிப் போடாதீர்கள். மறைத்தால் பழி உங்கள் தலையில்தான் விழும். தம்பி பெயரைச் சொல்ல வேண்டி வந்தாலும் சொல்லிவிடுங்கள்.

வக்கீலைக் கூட்டிவரப் போகிறேன். நாலு மணிக்குள் வந்துவிடுவேன். சாப்பாடு மூடி வைத்திருக்கிறேன், ஒரு வாயாவது சாப்பிடுங்கள்.

இன்னொன்று. வெறும் சீட்டைப் பார்த்ததும் ஒரு நிமிஷம் உங்களையே சந்தேகப்பட்டுவிட்டேன். போலீஸைவிட அதுதான் எனக்குப் பயமாக இருக்கிறது. எவ்வளவு வேண்டுமானாலும் திட்டுங்கள், வாங்கிக்கொள்கிறேன்.