எல்லாம் ஒரே கையெழுத்து

அன்புள்ள பெரியவளுக்கு, அம்மா சொல்லச் சொல்ல உன் தங்கை எழுதுவது. நாங்கள் மூன்று பேரும் எழுந்து நடமாடும் அளவுக்குச் சுகமாக இருக்கிறோம், நீயும் மாப்பிள்ளையும் குழந்தையும் அதைவிட நன்றாக இருக்க வேண்டும். அப்பாவுக்கு இருமல் குறைந்திருக்கிறது, கோபம்தான் குறையவில்லை. என் மணிக்கட்டு எலும்பு கூடிவிட்டது என்கிறார் டாக்டர், ஆனால் ஒரு வாளித் தண்ணீரைத் தூக்க முடியவில்லை. குழந்தையைக் காதை மூடாமல் வெளியே கொண்டுபோகாதே.

இதைப் போனில் சொன்னால் நீ உடனே சூப்பர்வைசரைக் கூப்பிட்டுச் சண்டை போடுவாய், உள்ளதும் போகும், அதனால்தான் கடிதம். என் கை ஒடிந்ததும் இவள் எட்டாம் வகுப்போடு படிப்பை விட்டுவிட்டு ஆஸ்பத்திரிச் சலவைக்கூடத்தில் என் இடத்துக்குப் போனாள் அல்லவா, அங்கே மிஷினில் துணி போடுகிறவர்கள் நோட்டில் நேரமும் பெயரும் எழுதிக் கையெழுத்துப் போட வேண்டும். எங்களில் ஒருத்திக்கும் எழுத வராது, சூப்பர்வைசர்தான் திட்டிக்கொண்டே எழுதுவார். இவள் போனதும் எல்லோருக்கும் கொண்டாட்டம், "பாப்பா, எனக்கும் ஒண்ணு கிறுக்கிடு" என்று ஆளாளுக்குச் சொல்ல, இந்த வாயில்லாப் பூச்சியும் எல்லோருக்கும் போட்டுக் கொடுத்திருக்கிறது. வாயில்லாப் பூச்சி என்று எழுத மாட்டேன் என்று பேனாவை வைத்துவிட்டாள், அதட்டித்தான் எழுத வைத்தேன்.

போன வாரம் நடு மிஷினில் வெள்ளை விரிப்புகளோடு ஒரு சிவப்புப் போர்வையும் சேர்ந்து போய்விட்டது. நாற்பது விரிப்பும் ரோஸ் நிறம். எடுத்துப்போக வந்த வண்டிக்காரர், "ஆஸ்பத்திரில யாருக்குக் கல்யாணம்?" என்று கேட்டாராம். போட்டது யார் தெரியுமா, நீ பெரியம்மா என்று கூப்பிடுவாயே, பன்னிரண்டு வருஷம் விரிப்பின் மறுமுனையைப் பிடித்து என்னோடு மடித்தவள், அவள்தான். நோட்டிலும் அவள் பெயர்தான் இருக்கிறது. ஆனால் கேட்டபோது, "நான் அந்தப் பக்கமே போகலை சார், இந்தப் பொண்ணு என் பேரை எழுதி வச்சா நானா பொறுப்பு?" என்று சொல்லிவிட்டாள். சூப்பர்வைசர் நோட்டைப் புரட்டிவிட்டு, "எல்லாம் ஒரே கையெழுத்து. துணியையும் கெடுத்துட்டு அடுத்தவங்க பேர்ல கள்ளக் கையெழுத்து வேறயா?" என்று கத்தியிருக்கிறார். பதினோரு பெண்கள் நின்றார்களாம். எனக்கும் அவள்தான் போடுவாள் என்று ஒருத்தி சொல்லியிருந்தால் போதும், எல்லோரும் தரையையே பார்த்திருக்கிறார்கள். நீயாவது வாயைத் திறந்தாயா என்றால், "சொன்னேன்மா, எனக்கே கேக்கலை" என்கிறாள்.

திங்கட்கிழமைக்குள் தப்பு என்னுடையது என்று எழுதிக் கொடுத்தால் வேலை, இல்லாவிட்டால் வெளியே. எழுதாதே என்று அப்பா குதிக்கிறார், ஆனால் இந்த வீட்டில் இவளை விட்டால் வேலைக்குப் போக யார் இருக்கிறார்கள். நான் பெரியம்மா வீட்டுக்குப் போனேன், சண்டை போடத்தான் போனேன். "உன் பொண்ணுக்கு வயசு இருக்கு, எங்கயாவது சேத்துப்பாங்க. என்னை யாரு சேத்துப்பா, சொல்லு" என்றாள். அவள் கொடுத்த டீயைக் குடித்துவிட்டு வந்துவிட்டேன். அவள் இடத்தில் நான் இருந்தாலும் அதையேதான் சொல்லியிருப்பேனோ என்னவோ. எழுதிக் கொடுத்துவிடு என்று நானே இவளிடம் சொல்லிவிட்டேன், அன்றிலிருந்து இவள் என்னோடு சரியாகப் பேசுவதில்லை. ஆபீசில் இருக்கிற உனக்கு இதற்கெல்லாம் எப்படிப் பேசுவது என்று தெரியும். ஆனால் இது உன் கைக்கு வரும்போது திங்கட்கிழமை போயிருக்கும். யோசனை கேட்டு எழுதவில்லை, உனக்கும் தெரிந்திருக்கட்டும் என்றுதான்.

நீங்கள் மூவரும் நோய்நொடி இல்லாமல், யார் வாயிலும் விழாமல் நெடுநாள் வாழ வேண்டும். அங்கே யாருக்காகவும் நீ கையெழுத்துப் போடாதே. குழந்தையின் காது, மறக்காதே.

எந்நேரமும் உன் நினைவாக இருக்கும்,
அம்மா

அக்கா, இனி நான் எழுதுவது. மன்னிப்புக் கடிதத்தை எழுதி மடித்து வைத்திருக்கிறேன். கொடுத்துவிடுவேன் என்றுதான் நினைக்கிறேன். உனக்கு வரும் கடிதங்களில் கடைசியில் இருக்கும் "அம்மா"வையும் இதுவரை நான்தான் எழுதினேன். இந்த முறை மாட்டேன் என்று சொன்னேன், அம்மாவுக்குக் கேட்டது. என் கையிலிருந்து பேனாவை வாங்கிக்கொண்டாள். தனித்தாளில் எழுதிக் காட்டினேன், பார்த்துப் பார்த்து எழுதினாள், மூன்று எழுத்துக்குக் கால் மணி நேரம் ஆயிற்று. கோணலாக இருக்கிறதே என்று சிரிக்காதே. அது அவளே போட்டது.