ஆறு சுற்று ஆரத்தி

சம்பந்தி,

இன்று காலை ஆரத்தித் தட்டைத் தேடி அலமாரியைக் கிளறியபோது அந்த வில்லை கையில் அகப்பட்டது. சூதாட்ட மேசையில் பணத்துக்குப் பதிலாக வைப்பார்களே, அந்த வட்ட வில்லைதான். ஓரத்தில் ஆரத்தித் தண்ணீரின் சிவப்புக் கறை இன்னும் இருக்கிறது. முதலில் சிரிப்பு வந்தது. பிறகு கண் கலங்கிவிட்டது.

நாம் சம்பந்திகள் ஆன கதையே ஊர் சிரிக்கும் கதை. அமெரிக்காவில் வேலை பார்த்த என் மகனும் உங்கள் மகளும் ஒருநாள் லாஸ் வேகாஸ் போய், பாலைவனத்து நடுவில், ஏதோ ஒரு கல்யாணக் கடையில் கால் மணி நேரத்தில் மோதிரம் மாற்றிக்கொண்டு நமக்குப் படம் அனுப்பினார்கள். மன்னிப்புக் கேட்கலாமென்று உங்களைக் கப்பித்தான் கெலிங் பள்ளிவாசல் சாலைக்கு, ஒரு நாசி கண்டார் சோற்றுக் கடைக்கு வரச் சொன்னேன். நிபோங் திபாலிலிருந்து உங்கள் பள்ளிக்கூட பஸ்ஸையே ஓட்டிக்கொண்டு வந்து இறங்கினீர்கள்.

"உங்க பையன் என் பொண்ண கெடுத்துட்டான் லா."

"உங்க பொண்ணுதான் எல்லாத்தையும் புக் பண்ணுச்சாம்."

கோபத்தில் ஆளுக்கு இரண்டு தட்டு சாப்பிட்டோம். கை கழுவும்போது, "அவ அம்மா இருந்திருந்தா இப்படி ஆயிருக்காது," என்று குழாயைப் பார்த்துச் சொன்னீர்கள். மனைவியை இழந்தவன்தானே நானும். அந்த நிமிடமே உங்களை எனக்குப் பிடித்துப்போனது.

ஆனால் மகளோடு ஒரு வருடம் பேசவில்லை நீங்கள். அவர்களுடைய முதலாம் ஆண்டுக் கல்யாண நாளுக்கு நம் இருவரையும் அதே ஊருக்கு வரச் சொல்லிப் பிள்ளைகள் டிக்கெட் அனுப்பினார்கள். "நேர்ல போய் நல்லா நாலு கேள்வி கேக்குறேன்," என்று கிளம்பினீர்கள். விமான நிலையத்தில் அவள் ஓடிவந்து உங்கள் பெட்டியைப் பிடித்தாள். நீங்கள் என் பக்கம் திரும்பி, "சம்பந்தி, உங்க மருமகள பெட்டிய விடச் சொல்லுங்க," என்றீர்கள். இரண்டு நாளும் இதே கூத்துதான். உப்பு வேண்டுமென்றாலும் என் வழியாகத்தான் வரவேண்டும். நடனமாடும் நீரூற்று, பொய்யான பாரிஸ் கோபுரம், இறகு கட்டிய பெண்கள் எல்லாவற்றையும் அவள் ஆசை ஆசையாகக் காட்டினாள். நீங்கள் என்னிடம், "இவ்ளோ வெளிச்சம் போட்டிருக்கான், நம்ம ஊர் ராத்திரிச் சந்தை மாதிரி ஒரு பாசார் மாலாம் இல்லையே," என்றீர்கள். பக்கத்து அறையில் அவள் அழுதது உங்களுக்கும் கேட்டது. மறுநாள் திரும்ப வேண்டும். இப்படியே விமானம் ஏறிவிட்டால் அப்பனும் மகளும் இனி ஒட்டவே மாட்டார்கள் என்று பயந்தேன்.

அன்று மாலை உங்கள் பெட்டியைத் திறந்தீர்கள். வேட்டிக்கடியில் பித்தளைத் தட்டு, மஞ்சள் தூள், ஒரு சின்ன டப்பியில் சுண்ணாம்பு.

"சம்பந்தி, என்ன இது?"

"ரெண்டு பேரும் ஆரத்தி இல்லாமலே குடும்பம் நடத்துறாங்க. மனசு கேக்கல."

"அது பொம்பளைங்க எடுக்கிறது."

"அவளுக்கு அம்மாவும் நான்தானே. இந்த ஊர்ல எவன் பாக்கப் போறான் லா?"

பிள்ளைகளை அறை வாசலில் நிறுத்தினோம். தட்டைத் தூக்கியதும் நீங்கள் அப்படியே நின்றுவிட்டீர்கள். எந்தப் பக்கம் சுற்றுவது? இடமா, வலமா? முப்பது வருடம் பஸ் ஓட்டியவருக்கும், பள்ளிக்கூட ஆபீசில் குப்பை கொட்டிய எனக்கும் தெரியவில்லை. நம் வீட்டுப் பெண்கள் சுற்றியபோது நாம் பந்தியில் அல்லவா இருந்தோம்! "எதுக்கும் ரெண்டு பக்கமும் சுத்திடுவோம்," என்று அந்தப் பக்கம் மூன்று, இந்தப் பக்கம் மூன்று சுற்றினீர்கள். தட்டில் விரலைத் தொட்டு அவள் நெற்றியில் வைத்தீர்கள்.

"வலது கால எடுத்து வச்சி உள்ள போ மா."

ஒரு வருடத்துக்குப் பிறகு அவளிடம் நேராகச் சொன்ன முதல் வார்த்தை. அவள் உள்ளே போகவில்லை. உங்கள் சட்டையைப் பிடித்துக்கொண்டு அழுதாள். நீங்களும்தான். உங்களிடமிருந்து தட்டை வாங்கிப் பிடித்திருந்ததால் நான் அழவில்லை, அவ்வளவுதான்.

தண்ணீரைக் குளியலறையில் ஊற்றலாம் என்றேன். "திருஷ்டி கழிச்சத கக்கூஸ்ல ஊத்துறதா? வாசல்லதான் ஊத்தணும்," என்றீர்கள். அந்த விடுதியின் வாசல் சூதாட்டக் கூடத்துக்கு அந்தப் பக்கம். நீங்கள் வேட்டியில், கையில் சிவப்புத் தண்ணீர்த் தட்டு; பின்னால் நான். வெளியே போகும் வழியைக் கண்ணில் காட்டாமல் கட்டியிருக்கிறான் பாவி. ஒரே இயந்திரத்தை மூன்று முறை கடந்தோம். தொப்பி வைத்த வெள்ளைக்காரக் கிழவர் ஒருவர் தட்டைப் பார்த்தார், உங்கள் கலங்கிய கண்ணைப் பார்த்தார், தன்னிடமிருந்த வில்லை ஒன்றைத் தட்டில் போட்டுவிட்டுப் போனார். ஆரத்தித் தட்டில் காசு போடவேண்டுமென்று அவருக்கு யார் சொல்லிக் கொடுத்தது?

கதவருகே காவலர் மறித்தார். ரத்தமா என்று கேட்டார்.

"நோ பிளட். மஞ்சா. மேரேஜ்," என்றீர்கள்.

அவர் நம் இருவரையும் மாறி மாறிப் பார்த்தார். முகம் மலர்ந்து, நம் கையைக் குலுக்கி வாழ்த்துச் சொல்லிக் கதவைத் திறந்துவிட்டார். நீங்கள் பெருமையாக "தேங்க்யூ" என்றீர்கள். வெளியே ஒரு பனைமரத்தடியில் தண்ணீரை ஊற்றிய பிறகுதான், கல்யாணம் நம் இருவருக்கும்தான் என்று அவர் நினைத்துவிட்டதை நான் விளக்கினேன். நடைபாதையிலேயே உட்கார்ந்து சிரித்தீர்கள். வில்லையைப் பணமாக்கலாம் என்றான் என் மகன். "ஆரத்தித் தட்டுல விழுந்தத மாத்தக்கூடாது. பாதி உங்களுது, வெட்டவா முடியும்? நீங்களே வச்சிக்குங்க," என்றீர்கள்.

நீங்கள் எங்களை விட்டுப் போய்ச் சேர்ந்து எட்டு மாதமாகிறது. இன்று உங்கள் மகள் கைக்குழந்தையோடு முதல்முறையாக என் வீட்டுக்கு வந்தாள். உங்கள் பேத்தி. மூக்கு உங்கள் மூக்கு, வேறு வழியில்லை. தட்டோடு நின்ற என்னைப் பார்த்துப் பக்கத்து வீட்டு அம்மா பதறினார்.

"அண்ணே, ஆம்பளைங்க எடுக்கக் கூடாது லா. இங்க குடுங்க."

"இல்ல ஆன்ட்டி, மாமாதான் எடுக்கணும்," என்றாள் உங்கள் மகள்.

வில்லையைத் தட்டில் போட்டேன். மூன்று சுற்றினேன். "போதும்ணே," என்றார் அந்த அம்மா. நான் நிறுத்தவில்லை. அந்தப் பக்கமாகவும் மூன்று சுற்றினேன். உங்கள் மகள் "அப்பா" என்றாள். என்னையா உங்களையா என்று நான் கேட்கவில்லை. சிரித்துக்கொண்டே அழுதாள். இந்தத் தடவை தட்டு கையில் இருந்தும் நானும் அழுதேன்.

எங்கள் வீட்டில் இனி ஆரத்தி ஆறு சுற்றுதான், சம்பந்தி. பேத்தி வளர்ந்து கேட்டால், அதுதான் முறை என்று சொல்லிவிடுவேன்.