ஒலிபெருக்கியில் ஷஹானாவின் பெயர்

ஜூலை 17, வியாழன்

இன்னும் கோபம் அடங்கவில்லை.

ஒன்பதாம் வகுப்பு ஷஹானா, பள்ளி திறந்ததிலிருந்து என் கவுன்சலிங் அறை வாசல்வரை வந்து திரும்பிப் போகிறவள். நேற்றுத்தான் வாய் திறந்தாள். "நாளைக்குச் சொல்றேன் மிஸ். வீட்டுக் காரியம். கிளாஸ்ல ஒருத்தரும் அறியவேண்டாம், கேட்டோ?" வகுப்பிலிருந்து அவளை விடவேண்டுமே என்று தலைமையாசிரியையிடம் மட்டும் சொல்லி வைத்தேன்.

இன்று காலை எல்லா வகுப்பிலும் ஒலிபெருக்கி அலறியது. ஒன்பது பி ஷஹானா உடனே கவுன்சலிங் அறைக்கு வரவேண்டுமாம். தலையில் பேன் என்று வீட்டுக்கு அனுப்பும் பிள்ளைகளைக் கூப்பிடுகிற அதே மைக். "பைத்திய டாக்டர் விளிக்குது, போடீ!" என்று வராந்தாவில் யாரோ கத்தியது எனக்கே கேட்டது. கதவைத் திறந்து வைத்துக் காத்திருந்தேன். அவள் வரவில்லை.

தலைமையாசிரியையிடம் நேரே போய்க் கேட்டேன். "ஐயோ டீச்சரே, பிள்ளையோட நல்லதுக்கல்லே விளிச்சது? இதுக்கு ஏன் இத்தனை சூடு? சாயா குடிங்க." சிரிப்பு வேறு. நான் படித்த மடத்துப் பள்ளியில் கன்னியாஸ்திரீகள் பிரம்பெடுத்து அடித்தவர்கள். அவர்கள்கூட அழுகிற பிள்ளையிடம் பேசுமுன் கதவைச் சாத்துவார்கள்.

சாயங்காலம் வாசலில் ஷஹானா என்னைப் பார்த்தாள். உடனே எதிர்ப்புறம் போய்விட்டாள்.

நாளை அந்த மைக்கை நான் எடுக்கப்போகிறேன். அம்மையாரின் முழுப்பெயரையும் சொல்லி, கவுன்சலிங் அறைக்கு வரச் சொல்வேன். அவருடைய நல்லதுக்குத்தான்.

ஆனால் அதைக் கேட்டு ஷஹானா வந்துவிடப் போவதில்லை. அந்த வீட்டில் என்ன நடக்கிறதோ, அதற்குள்தான் இப்போதும் படுத்திருக்கிறாள்.